மணத்திரைக்குப் பின்னால் சுகினி நாற்று

குல்பாஷ் தன் மகனுக்குப் பெண் நிச்சயம் பண்ண அல்மாட்டிக்குப் போனபோது மார்புக்குள் விதையை வைத்துக்கொண்டுதான் போனாள். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். வெள்ளரிபோல் நீண்ட பூசணி வகைக் காயான சுகினியின் விதைகளை ஈரத் துணியில் மடித்து, மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றி, உள்பாடிக்குள் செருகிக்கொண்டு ரயிலேறினாள். வடக்கே இருக்கும் எங்கள் கரகண்டாவில் பாதிப் பெண்கள் அப்படித்தான் விதைக்கு உயிர் கொடுக்கிறோம். ஏப்ரல் கடைசியிலும் வெளியே மண் இறுகிக் கிடக்கும். வீட்டைச் சூடாக்க உள்ளே ஓடும் வெந்நீர்க் குழாயும் எந்த நாளில் நின்றுபோகும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். உடம்புச் சூடுதான் கடைசிவரை கூட வரும்.

நான் ரெசேதா. குல்பாஷின் வாசலுக்கு நேரெதிர் வாசல் என்னுடையது. ரயில் பெட்டி பழுது பார்க்கும் பட்டறையில் அவள் முப்பது வருஷம் கிரேன் ஓட்டினாள். அதே பட்டறையின் சாப்பாட்டுக் கூடத்தில் நான் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்திலேயே அவள் விதையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிரேனில் ஏறுவாள். கீழே நிற்கும் ஆட்களுக்கு அது தெரியும்.

"என்ன குல்பாஷ், இன்னைக்கு அடைகாக்குறியா, பளு தூக்குறியா?" என்று கத்துவார்கள்.

"ரெண்டும்தான்டா! உன் தலைல எதை இறக்கட்டும்னு சொல்லு!" என்று மேலேயிருந்து பதில் வரும். அப்படிப்பட்ட வாய் அவளுக்கு. அந்த வாய்தான் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சுகினியை வீட்டுக்குள் நாற்று வளர்ப்பது வெட்டி வேலை என்பது என் கட்சி. தக்காளிக்கும் மிளகாய்க்கும் அது தேவை, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் கோடை அவ்வளவு குட்டை. சுகினி அப்படியா? ஜூனில் கடைசி உறைபனி தாண்டியதும் ஊருக்கு வெளியே இருக்கும் தோட்டத்து மண்ணில் நேராக ஊன்றினால் முரட்டுப் பிள்ளை மாதிரி தானாக எழுந்து வரும். நாற்று நட்டதைவிடக் கொஞ்ச நாள் பிந்தும், அவ்வளவுதான். அதுவும் ஆகஸ்டில் அது யாருக்கும் வேண்டாத காய். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பை நிறைய வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு ஓடுகிற ஜாதி நாங்கள். அதற்குப் போய் இவள் இலையுதிர்காலத்திலேயே தோட்டத்து மண்ணை மூட்டை கட்டிக் கொண்டுவந்து பால்கனியில் வைப்பாள். வசந்தம் வந்ததும் அதை அடுப்புக்குள் வைத்துச் சுடுவாள். புழு சாகவேண்டுமாம். மாடிப்படி முழுக்க மண் வேகும் நாற்றம். பிறகு பால் அட்டைப்பெட்டிகளை வெட்டி, தயிர் டப்பாக்களைக் கழுவி, ஒவ்வொன்றிலும் மண் நிரப்பி, முளைத்த விதையைப் படுக்க வைத்துத் தூங்கப் பண்ணுவாள்.

"எதுக்குடி இந்தக் கூத்து?" என்று நான் வருஷா வருஷம் கேட்பேன்.

"உனக்குத் திங்கத்தான் தெரியும். வளக்கத் தெரியாது" என்பாள் வருஷா வருஷம்.

ஆனால் காரணம் எனக்குத் தெரியும். அவள் புருஷன் செய்த்காலி இருந்தவரைக்கும் சன்னலில் ஐந்தாறு டப்பாதான் இருந்தது. அவன் போன பிறகுதான் அது சன்னல் முழுக்கப் பெருகியது. அவள் பெற்ற பெண்கள் இரண்டு பேரும் கட்டிக்கொடுத்த ஊர்களில் இருக்கிறார்கள். காலையில் எழுந்தால் தண்ணீர் கேட்க ஒரு ஜீவன் வேண்டாமா வீட்டில்? அவளுடைய வீட்டில் வெயில் விழுவது ஒரே ஒரு சன்னலில்தான், தெற்குப் பார்த்த பெரிய அறையின் சன்னல். ஏப்ரலிலிருந்து அந்த அறையில் மனிதர்களுக்கு இடம் கிடையாது.

அப்பன் செத்துச் சில வருஷம் கழித்துக் கடைசி மகன் சயான் அல்மாட்டி வேலையை விட்டுவிட்டு அம்மாவிடம் வந்து சேர்ந்தான். கடைக்குட்டி மகன் அப்பன் வீட்டு அடுப்பை அணையவிடக் கூடாது என்பது கசாக்குகளின் முறை. வந்தானே தவிர, மனதை அங்கேயே ஒரு பெண்ணிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். அவள் பெயர் தோக்ஜான். செயற்கைப் பல் கட்டும் கூடத்தில் வேலை. குல்பாஷுக்குப் பெண்ணைப் படத்தில் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் சயான் ஒரு கொக்கி போட்டான்.

"அம்மா, அவ மலையடிவாரத்துல ஆப்பிள் மரத்துக்கு நடுவுல வளந்தவ. இங்க காத்தும் கரித்தூசியும்தான். இலையுதிர்காலம் வரைக்கும் இருந்து பாக்கறோம். அவளுக்கு ஒட்டலேன்னா அல்மாட்டிக்கே போயிடறோம். நீயும் எங்ககூட வந்துடு."

"சரிப்பா" என்றாள் மகனிடம். என் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

"நான் அங்க போய் என்னடி பண்ணுவேன், ரெசேதா? ஒரு பயலையும் தெரியாது. தோட்டத்தை வித்துட்டு, மகன் வீட்டு மூலைல கெடந்து சாவணுமா? இல்ல, இங்கயே தனியாக் கெடக்கணுமா? அந்தப் பொண்ணு மட்டும் இங்க நிலைச்சுட்டா நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்டி."

"நிலைப்பா, நிலைப்பா. உன் வாயைக் கொஞ்சம் அடக்கு" என்றேன். ஐயோ, அதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அல்மாட்டிக்குப் போனவள் பெண்ணின் காதில் தோடு போட்டு நிச்சயம் பண்ணினாள். கல்யாணம் ஜூலையில் என்று முன்பே பேச்சு. சாப்பாட்டுக்கு நடுவில் குல்பாஷ் கை கழுவப் போகிற சாக்கில் விதை மூட்டையைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். ஓட்டைப் பிளந்துகொண்டு வெள்ளை முளை எட்டிப் பார்க்கிறது, சிலது நீளமாகவே வந்துவிட்டது. முளை விட்டதை உடனே மண்ணில் போடவேண்டும், இல்லாவிட்டால் முறிந்துபோகும். சாயங்கால ரயிலை விட்டால் அவ்வளவுதான். பதைபதைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், சம்பந்தியம்மாள் ரௌஷான் மெதுவாக ஆரம்பிக்கிறாள்: "மே மாசம் ஒரு மண்டபம் திடீர்னு காலியா வந்திருக்கு. உங்களுக்குத் தோதுப்படுமா? யோசிச்சுச் சொல்லுங்க..."

"படும், படும்! மேயே வெச்சுக்கலாம்!" என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் கட்டிப் பிடித்து, அதிலும் நெஞ்சு படாமல் பக்கவாட்டில் கட்டிப் பிடித்து, ஓடி வந்து ரயிலில் ஏறிவிட்டாள். ரயில் பால்காஷ் ஏரியைத் தொட்ட பிறகுதான் புத்தியில் உறைத்ததாம். மே மாதம் என்றால் நாற்றெல்லாம் சன்னலில் இருக்கும் மாதம். சன்னல் இருப்பது பெரிய அறையில். பெரிய அறையைத்தான் புதுப் பெண் மாப்பிள்ளைக்கு ஒதுக்கியிருந்தது.

"கல்யாணத்துக்கு முந்தி உன் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடறேன்டி" என்றாள் என்னிடம்.

"என் சன்னல் வடக்குப் பாத்தது."

"அப்ப பகல்ல மட்டும் அங்க போய்த் தண்ணி ஊத்திட்டு வந்துடறேன். அதுல என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது என்பது கல்யாணத்தன்று தெரிந்தது. பெண்ணை அழைத்து வரும்முன், அவள் மறைவாக உட்கார மணத்திரை கட்டவேண்டும் அல்லவா? கட்டியவள் குல்பாஷின் மூத்த ஓரகத்தி உல்ஜான். கிராமத்திலிருந்து வந்த பெரிய மனுஷி, ஏழு பிள்ளை பெற்றவள், சொன்னால் சொன்னதுதான். குல்பாஷ் சமையலறையில் குதிரை இறைச்சி வேகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், உல்ஜான் பெரிய அறைக்குள் போய், ஒரு முனையைச் சன்னல் கம்பியிலும் மறுமுனையை அலமாரிக் கதவிலும் கட்டி, சிவப்புக் கரை வைத்த கனத்த பட்டுத் திரையைத் தொங்கவிட்டாள். வெளியிலிருந்து பெண்ணின் மேல் கண் படக் கூடாதென்று அதன் மிச்சத் துணியால் சன்னல் கண்ணாடியையும் மூடினாள். அழகாகத்தான் இருந்தது. சன்னல் முழுவதும், அதில் இருந்த நாற்று முழுவதும், திரைக்குப் பின்னால். பெண் வந்து அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். மணப்பெண் உட்கார்ந்திருக்கும் திரையை விலக்கி, "கொஞ்சம் நகரும்மா, தயிர் டப்பாவை எடுத்துக்கறேன்" என்று எந்த மாமியாராவது கேட்பாளா?

சரி, மூன்று நாளில் திரை இறங்கிவிடும் என்று தேற்றிக்கொண்டாள். ஆனால் அவர்கள் குடும்பத்தில் திரையைக் கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் பெண்ணுக்கு ஆகாது. உல்ஜானோ மறுநாளே மாடு கன்று போட்டுவிட்டது என்று கிராமத்துக்குக் கிளம்பிவிட்டாள். "நான் வர்ற வரைக்கும் தொங்கட்டும்!" என்று படியிறங்கும்போது உத்தரவு. போன இடத்தில் முழங்காலைப் பிசகிக்கொண்டு படுத்துவிட்டாள். திரை தொங்கியது தொங்கியபடி.

அதற்குப் பிறகு நான் கண்ட காட்சி இருக்கிறதே! காலையில் சயான் வேலைக்குப் போவான். மருமகள் அதற்கு முன்பே எழுந்து, தேநீர் போட்டு, மாவுருண்டை பொரித்து, வீட்டைத் துடைத்து முடித்திருப்பாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குல்பாஷ் அந்தக் கதவுக்கு வெளியே நிற்பாள். கையில் தண்ணீர்க் குவளை. தட்டுவதற்குக் கையைத் தூக்குவாள், இறக்குவாள். நான் உப்பு வாங்கப் போனாலும் அதே காட்சி, உப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனாலும் அதே காட்சி.

"தட்டேன்டி!" என்று கிசுகிசுப்பேன்.

"மாமியா உள்ள பூந்து நோட்டம் பாக்கறான்னு நெனச்சுட்டா?"

"சுகினிக்குத் தண்ணி ஊத்த வந்தேன்னு சொல்லு."

"என்னைவிட இவளுக்குச் சுகினி பெருசான்னு நெனச்சுட்டா?"

பேசி ஜெயிக்க முடியுமா? சயானிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் ஆண்பிள்ளை புத்திப்படி ஒரு நாள் கெட்டில் நிறைய ஊற்றினான், பிறகு மறந்துபோனான். ஆனால் தெற்குப் பக்கத்துப் பெண்ணுக்குக் குளிரக் கூடாது என்று சூடு போடும் மின்பெட்டியை மட்டும் சரியாகச் சன்னலடியில் வைத்து ஓடவிட்டான். இருட்டு, சூடு, ஈரம். நாற்றுக்கு இதைவிடக் கேடு யாராலும் யோசித்துச் செய்ய முடியாது.

தோக்ஜானைக் குறை சொல்லவும் வழியில்லை. அவ்வளவு மரியாதை! கிண்ணத்தில் தேநீரைப் பாதிக்கு மேல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டாள், முறைப்படி. இரண்டு கையாலும் நீட்டுவாள். "ஆகட்டும் அபா", "சரிங்க அபா", அதற்கு மேல் வார்த்தை கிடையாது. அபா என்பது எங்கள் பக்கம் பெரியவளை மரியாதையாகக் கூப்பிடுவது. குல்பாஷும் அவளுக்குச் சளைத்தவள் இல்லை. "சிரமப்படாதேம்மா", "உக்காரும்மா", "நல்லாருக்கும்மா" என்று தேனாய் ஒழுகுவாள். எனக்கு அந்த மேசையில் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். ஒரு நாள் மாவுருண்டையில் உப்பே இல்லை. மாமியார் "அருமை" என்று சொல்லி விழுங்கினாள். மருமகளும் விழுங்கினாள். நான்தான், "உப்பு எங்கடி? பக்கத்துக் கடைல தீந்துபோச்சா?" என்று கேட்டேன். குல்பாஷ் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். பெண் முகம் வெளுத்துவிட்டது.

வாசலில் வந்து குல்பாஷ் என்னைக் கடித்துக் குதறினாள். "ஏன்டி வாய வெக்கறே? அவ ஒரு தடவையாவது சிரிச்சு நீ பாத்திருக்கியா? ராத்திரி அம்மாகிட்ட போன்ல பேசறா, குரல் கம்மிக் கம்மி வருது. போயிடுவாடி. இலையுதிர்காலம்லாம் எதுக்கு, அதுக்கு முன்னாடியே போயிடுவா."

போதாக்குறைக்கு உல்ஜான் கிராமத்திலிருந்து தினமும் போன் பண்ணுவாள். காதில் வைக்கத் தேவையில்லை, அவள் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்கும். "என்ன, மருமக காலடி எப்படி? இங்க அவ வந்த வேளை மாடு கன்னு போட்டுது, என் கால் பிசகிடுச்சு. ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. உங்க வீட்ல எப்படி?" புதுப் பெண் கால் வைத்த நேரம் என்று எல்லாவற்றையும் எண்ணுகிற பேர்வழிகள் எங்களில் உண்டு. அந்தப் பெண் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

மே கடைசியில் ஒரு நாள் காலை குல்பாஷ் என் கதவை இடித்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"உள்ள அழறாடி. விசும்பி விசும்பி அழறா. பெட்டி கட்டறா போலிருக்கு."

"போய்க் கேளேன்!"

"எப்படிப் போறது? திரை போட்ட அறை. உல்ஜான் வரணும், அவதான்..."

எனக்கு வந்ததே கோபம்! "முப்பது வருஷம் ஆம்பளைங்க தலைக்கு மேல இரும்பைத் தூக்கிட்டுப் போனவ நீ. ஒரு துணியைத் தூக்க முடியலையா உன்னால? போடி உள்ளே!" என்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். அவள் தட்டினாள். பதில் இல்லை. திறந்தாள். நான் வெளியே நின்றேன் என்று நினைக்காதீர்கள். நானும் பின்னாலேயே போனேன்.

பெட்டி ஏதும் கட்டவில்லை. தோக்ஜான் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி டப்பாக்கள். ஐயோ, அந்த நாற்றுகளைப் பார்க்கவேண்டுமே! வேகவைத்த சேமியா மாதிரி வெளுத்து, நீண்டு, நிற்க வலுவில்லாமல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்குத்தும் குச்சி நட்டு, பல்லிடுக்கு நூலால் எட்டுப் போட்டுக் கட்டியிருந்தாள். தண்டு நசுங்காமல், அவிழாமல், அத்தனை நறுவிசாக. பல் கட்டுகிற கை. எல்லாவற்றையும் கட்டி முடித்தும் கடைசி டப்பாவில் இருந்தது அடியோடு முறிந்துவிட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அழுதுகொண்டிருந்தாள்.

மாமியாரைக் கண்டதும் எழ முயன்று, முடியாமல், கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசினாள். "அபா, நான் வேணும்னு பண்ணல. அம்மா எதையும் தொடாதேன்னாங்க. ஆனா வாடற மாதிரி இருந்துச்சு, அதனால தெனம் என் குவளைத் தண்ணிய ஊத்தினேன். வளந்துச்சு, வளந்துச்சுன்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒண்ணொண்ணா விழுந்துருச்சு. நான் வந்த வேளைன்னு சொல்லிடாதீங்க அபா. என் காலடி அப்படின்னு சொல்லிடாதீங்க."

குல்பாஷ் ஓரடி முன்னால் வைத்தாள். திரையைப் பிடித்து ஒரு இழு. சன்னல் கம்பியிலிருந்து கொக்கியோடு பெயர்ந்து வந்தது. அறைக்குள் வெயில் கொட்டியது. மூன்று பேருக்கும் கண் கூசியது. பிறகு மூலையிலிருந்த துடைக்கும் வாளியை இழுத்து வைத்து, ஒரு டப்பாவை எடுத்து மண்ணோடு உள்ளே கவிழ்த்தாள். அடுத்த டப்பாவையும் எடுத்தாள்.

"இதுக்கா அழறே? இந்தச் சனியனுக்கா? போனா போகட்டும்! ஒரு வாரம் நான் கதவுக்கு வெளிய சுகினிக்காகத்தான் நின்னேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நின்னது உனக்காகம்மா. இந்தப் பொண்ணு ஒரு தடவைகூடச் சிரிக்கலையே, எந்திரிச்சு ஓடிப்போயிடுமோன்னு பயந்து பயந்து நின்னேன்." இன்னொரு டப்பா. "நாத்து எனக்கு வேண்டாம். நீ இரு, போதும்." இன்னொரு டப்பா.

"நிறுத்துங்க!"

சத்தியமாகச் சொல்கிறேன், சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த ஒல்லிப் பெண்ணுக்குள் அப்படி ஒரு குரலா! பாய்ந்து வந்து வாளியைப் பிடுங்கினாள்.

"என்ன பண்றீங்க நீங்க! ஒண்ணொண்ணா உக்காந்து கட்டியிருக்கேன், கண்ணு போச்சு எனக்கு! நீங்க பாட்டுக்குக் கவுக்குறீங்க! வேணும்னா மொத நாளே தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல? ஒரு வார்த்தை சொன்னீங்களா? வாய வாடகைக்கா விட்டிருந்தீங்க?"

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். குல்பாஷின் முகம் மெதுவாகச் சிவந்தது. எனக்கு அந்தச் சிவப்பு தெரியும். கிரேனுக்குக் கீழே எவனாவது குறுக்கே நடந்தால் வருகிற சிவப்பு.

"நான் சொல்லல, சரி! நீ கேட்டியா? உனக்கு வாய் இல்லையா?"

"எங்கம்மா கேக்காதேன்னாங்க!"

"உங்கம்மாவுக்கு என்ன தெரியும்? நாத்து வெக்கிற மாசத்துல கல்யாணத்தை வெச்ச மகராசி!"

"எங்கம்மாவைச் சொல்லாதீங்க! யோசிச்சுச் சொல்லுங்கன்னுதானே கேட்டாங்க? நீங்கதானே உடனே சரி சரின்னீங்க!"

"நெஞ்சுக்குள்ள விதை முளைச்சுக் குத்திக்கிட்டு இருந்துச்சுடி! நான் ரயிலைப் பிடிப்பேனா, உங்கம்மாகிட்ட யோசிப்பேனா?"

பெண் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தாள். "எங்க முளைச்சுது?"

குல்பாஷ் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இங்க. உள்பாடிக்குள்ள. உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைல, உன் காதுல தோடு போடும்போதும் உள்ளதான் இருந்துச்சு."

தோக்ஜானுக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மண் அப்பிய கையோடு தரையில் சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். "அதனாலதான்... அதனாலதான் எங்க பெரியம்மா... சம்பந்தியம்மா நேராக் கட்டிப் பிடிக்கவே மாட்டேங்கறாங்க, ரொம்பக் கௌரவக்காரின்னு..." குல்பாஷுக்கும் தொற்றிக்கொண்டது. எனக்கும்தான். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அன்றைக்கு என் மனம் குளிர்ந்தது. கோபப்படத் தெரிந்த மருமகள் சட்டென்று ஓடிப்போக மாட்டாள். பயப்படவேண்டியது வாயே திறக்காதவளைக் கண்டுதான்.

வாளியில் விழுந்ததில் இரண்டைத் தோக்ஜான் திரும்பப் பிழைக்கவைத்துவிட்டாள். மற்றவை வெயிலைக் கண்டதும் ஒரு வாரத்தில் கொஞ்சம் பச்சை பிடித்தன. பகலில் பால்கனியில் வைத்துக் காற்றுக்குப் பழக்கினார்கள். எத்தனை நேரம் வெளியே வைப்பது என்பதில் சண்டை. உல்ஜான் போனில், திரையை நீயே பிடுங்கிவிட்டாயாமே என்று கூப்பாடு போட்டாள். "நீ வந்து மறுபடி கட்டி, மறுபடி அவுத்துட்டுப் போ! பஸ் காசு நான் தர்றேன்!" என்றாள் குல்பாஷ். அவளுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

ஜூனில் தோட்டத்தில் நட்டார்கள். நீண்ட தண்டை விதையிலை வரைக்கும் மண்ணுக்குள் புதைத்து நட்டாள் குல்பாஷ். மிச்சமிருந்த விதையைப் பக்கத்துப் பாத்தியில் நேராக ஊன்றினாள் தோக்ஜான், என் பேச்சைக் கேட்டு. அதற்காக என்னை ஒரு வாரம் தேநீருக்குக் கூப்பிடவில்லை குல்பாஷ். எது முந்திக் காய்த்தது என்று கேட்டால் மாமியார் ஒன்று சொல்வாள், மருமகள் ஒன்று சொல்வாள். நான் எதற்கு வம்பு! காய்த்ததா, காய்த்தது. ஆகஸ்டில் என் வாசலில் மணி அடித்துவிட்டு ஓடும் காலடி இரண்டு ஜோடியாகக் கேட்டது. தோக்ஜானுக்குப் பக்கத்துத் தெருவில் பல் கட்டும் வேலையும் கிடைத்தது. என் கடைவாய்ப் பல்லை அவள்தான் சரி பண்ணிக் கொடுத்தாள். முன்பு ஒரு பக்கமாக மென்றுகொண்டிருந்தவள் இப்போது இரண்டு பக்கமும் மெல்கிறேன்.

சண்டை மட்டும் ஓயவில்லை. சுகினி அடைக்கு மாவு முதலிலா, முட்டை முதலிலா? துண்டு போட்டு வறுத்து ஜாடியில் அடைப்பதா, சுட்டு மசித்து அடைப்பதா? எங்கள் படிக்கட்டில் எல்லாருக்கும் தெரியும். சத்தம் கேட்டால் வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று அர்த்தம்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மதியம் நானும் அங்கே இருந்தேன். மேசை முழுக்க வெங்காயம், காரட், கடைசிச் சுகினிக் குவியல். குல்பாஷ் நறுக்குகிறாள், தோக்ஜான் வதக்குகிறாள். இருவருக்கும் பூண்டு எத்தனை பல் என்பதில் தகராறு. சயான் வேலையிலிருந்து வந்து, கையைக் கழுவிவிட்டு, தட்டில் சூடாக இருந்த அடையில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கதவில் சாய்ந்து நின்றான்.

"இலையுதிர்காலம் வந்துடுச்சு. அல்மாட்டில என் பழைய வேலை காலியா இருக்காம், போன் பண்ணாங்க. என்ன முடிவு பண்றது?" என்றான். அவன் தப்பாகக் கேட்கவில்லை. சொன்ன சொல்லை ஞாபகப்படுத்தினான்.

குல்பாஷின் கத்தி நின்றுவிட்டது. நிமிரவில்லை. வெங்காயத்தையே பார்த்தபடி இருந்தாள். சொல்லேன்டி பெண்ணே, ஏதாவது சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

தோக்ஜான் வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போறதுன்னா நீ போயிட்டு வா. எனக்கும் அபாவுக்கும் இங்க தலைக்கு மேல வேலை கெடக்கு. தோட்டத்து மண்ண யார் மூட்டை கட்டிக் கொண்டாறது? வர்ற ஏப்ரலுக்கு விதை எடுக்கற காயே இன்னும் முத்தல."

சயான் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். நான் வாயில் அடையை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

குல்பாஷின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "வேலை இருக்காம் இவளுக்கு, வேலை!" என்று இரைந்தாள். "கடைல போய் எப்படிப்பட்ட வெங்காயத்தை வாங்கிட்டு வந்திருக்கா பாரு, கண்ணு ரெண்டும் போச்சு! டேய், எதுக்குடா மரம் மாதிரி நிக்கறே? அந்தக் கத்திய எடுத்து இந்தச் சுகினியைத் தோல் சீவு."

சயான் மிச்ச அடையை வாயில் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சீவ ஆரம்பித்தான்.